துரத்தும் யானை

பிருகதாரணிய உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் சனக மன்னனுக்கு உறக்கத்தைப் பற்றி விளக்கும் பகுதி ஒன்று உண்டு. உறங்குகிறவனை யாரோ கொல்ல வருவது போலிருக்கும், யாரோ அடக்கி ஒடுக்குவது போலிருக்கும், யானை துரத்துவது போலிருக்கும், பள்ளத்தில் விழுவது போலிருக்கும் என்று சொல்லி வரும் முனிவர், அதற்கான காரணத்தையும் கூறுகிறார். விழித்திருந்தபோது எதைக் கண்டு அஞ்சினானோ அந்த அச்சத்தையே அறியாமையால் அங்கேயும் மெய்யென்று கொள்கிறான் என்பது அவர் தரும் விடை. புத்தருக்கு முற்பட்டதாகக் கருதப்படும் ஒரு நூலில் இப்படியொரு விடை இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. யானையை ஏவியது எந்தத் தெய்வத்தின் கோபம், எந்தக் கிரகத்தின் பார்வை என்று யாக்ஞவல்கியர் தேடிப் போகவில்லை. பகலில் உனக்கு என்ன பயம் என்ற பக்கமே அவர் பார்வை திரும்புகிறது. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. கனவில் பாம்பு வந்தால் குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டோம். பல் விழுந்தால் வீட்டில் ஒரு சாவு. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் ஜாதகத்தை எடு, பரிகாரம் செய். பயந்து எழுந்து வியர்த்து உட்கார்ந்திருப்பவரிடம் இன்னொரு பயத்தை நாம் கொடுத்து அனுப்புகிறோம். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு, வரப்போகும் ஒன்றின் முன்னறிவிப்பாகவோ செய்த பாவத்தின் தண்டனையாகவோ இருக்க முடியாது என்பதும், அது இன்னும் முடிந்துபோகாத ஓர் அச்சத்தின் சாட்சி என்பதும் என் வாதம். இதை ஏற்க யாரும் தம் சமயத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் சமயங்களை நிதானமாகப் படித்தால், அவற்றின் சாட்சியமும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நிற்கிறது.

முதலில் உடலின் சாட்சியத்தைப் பார்ப்போம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்குகிறவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருப்பதை வெளியிட்டார்கள். ஓர் இரவில் நான்கைந்து முறை வரும் அந்தக் கட்டத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் ஒரு கனவைச் சொல்கிறார்கள். அப்போது மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது. நிதானித்து எடைபோடும் முன்பகுதி ஓய்ந்திருக்கிறது. ஆபத்து நேரத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கும் நார்அட்ரினலின் என்ற சுரப்பு, நலமாக உறங்குகிறவரின் மூளையில் அந்தக் கட்டத்தில் மட்டும் அடங்கிவிடுகிறது. பகலில் சுட்ட நினைவுகளை, சூடு ஆறிய நிலையில் எடுத்து அடுக்கிவைக்கும் வேலை அப்போது நடக்கிறது என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நீண்ட மன அழுத்தத்தில் இருப்பவருக்கும் கொடுமையைக் கண்டு மீண்டவருக்கும் அந்தச் சுரப்பு அடங்குவதில்லை என்பது அவர்கள் கருத்து. நினைவு சூடாகவே கையில் எடுக்கப்படுகிறது, கை சுடுகிறது, உறக்கம் கலைகிறது, வேலை பாதியில் நிற்கிறது. மறுநாள் அதே நினைவு மறுபடி எடுக்கப்படுகிறது. கனவு ஏன் ஒரே இடத்தில் வந்து முறிகிறது, ஏன் அதே இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. அதன்மேல் ஒரு சுழல் வேறு சேர்ந்துகொள்கிறது. கனவுக்குப் பயந்து உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறவருக்கு, அடுத்து உறங்கும்போது கனவுக் கட்டம் கூடுதல் வேகத்தோடு திரும்புகிறது. குடித்துவிட்டுப் படுப்பவருக்கும் இதே கதி: முன்னிரவில் மது கனவை அமுக்குகிறது, பின்னிரவில் அது வட்டியோடு வருகிறது.

அழுத்தம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவருக்கு, மனிதர் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு சோதனையை இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த சில வாரங்களில் அந்த வட்டாரத்து மாணவர்களின் கெட்ட கனவுகளையும், நடுக்கம் எட்டாத அரிசோனா மாநிலத்து மாணவர்களின் கெட்ட கனவுகளையும் ஆய்வாளர்கள் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். நடுக்கத்தை உணர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு கெட்ட கனவுகள் வந்திருந்தன. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் மூன்று வாரத்துக்குள் நிலநடுக்கத்தையே கனவில் கண்டிருந்தார்கள். அரிசோனாவில் அப்படிக் கண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். செய்தியில் படித்தவருக்கும் காலடியில் தரை ஆடியவருக்கும் உள்ள இடைவெளி அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்களின் கனவு வந்தது நடுக்கத்துக்குப் பின்னால். கனவு என்ற கண்ணாடி பின்னோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

கனவுக்கு அர்த்தமே இல்லை, அது மூளையின் வெற்று ஓசை என்று ஒரு தரப்பு இந்த இடத்தில் குறுக்கிடும். 1977இல் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் முன்வைத்த கோட்பாடு அந்தத் தரப்பின் வலுவான வடிவம். மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் சமிக்ஞைகளை மேல்மூளை எப்படியோ கோத்துக் கதையாக்குகிறது என்றார்கள் அவர்கள். மாமரமும் ரயில் நிலையமும் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரும் ஒன்றாகக் கலந்து வரும் அன்றாடக் கனவுக்கு இது பெருமளவு பொருந்தலாம். திரும்ப வரும் கெட்ட கனவுக்குப் பொருந்தாது. தாறுமாறானது திரும்ப வருவதில்லை. பகடையை உருட்டி உருட்டிப் போடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே எண் விழுந்தால், பகடைக்குள் ஏதோ கனம் ஒட்டியிருக்கிறது என்றுதான் அறிவுள்ளவர் முடிவு செய்வார். சிக்மண்ட் ஃபிராய்டும் இந்த இடத்தில்தான் தடுக்கி நின்றார். கனவெல்லாம் ஆசை நிறைவேற்றம் என்று 1900ஆம் ஆண்டை முகப்பில் தாங்கி வந்த நூலில் வாதிட்டவர், முதல் உலகப் போரின் சிப்பாய்கள் இரவுதோறும் அதே குண்டுவெடிப்புக்குத் திரும்பிச் செல்வதைக் கண்டபின், 1920இல் எழுதிய நூலில் தன் விதிக்கு இது அடங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். தான் கட்டிய கோட்டையின் சுவரில் ஓட்டை இருப்பதைத் தானே சுட்டிக்காட்டிய அந்த நேர்மையை மதிக்க வேண்டும்.

அப்படியானால் அர்த்தம் எங்கே இருக்கிறது? கனவுப் பலன் புத்தகங்கள் அதை உருவங்களில் தேடுகின்றன: பாம்பு என்றால் இது, வெள்ளம் என்றால் அது. அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன், கொடிய நிகழ்வுகளில் தப்பியவர்களின் கனவுகளைத் தொடர்ந்து சேகரித்தவர். வெவ்வேறு விபத்துகளில் சிக்கியவர்கள், கடலோடு தொடர்பே இல்லாதவர்கள்கூட, பேரலை தங்களை வாரிச் செல்வதாகக் கனவு கண்டதை அவர் பதிந்திருக்கிறார். நெருப்பிலிருந்து தப்பியவருக்கு அலை எதற்கு வர வேண்டும்? தான் சிறியவன், எதிரே வருவது பெரியது, ஓட இடமில்லை என்ற உணர்வுக்கு அலையைவிடப் பொருத்தமான படம் கிடைக்காததால்தான். உணர்வு நிலையாக இருக்கிறது, படம் மாறுகிறது. உபநிடதத்து மனிதனுக்கு யானை. நெய்தல் நிலத்தானுக்கு அலை. நகரத்தில் வேலை பார்ப்பவருக்குத் தேர்வுக்கூடத்தில் எழுத வராத பேனா. படத்துக்குப் பலன் சொல்வது, அழுகிற குழந்தையின் சட்டை நிறத்தை ஆராய்வது போன்றது.

சமயத் தரப்பிலிருந்து வரும் மறுப்பு இதைவிட ஆழமானது. கனவுகள் பலிக்கவில்லையா, சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்டது நடக்கவில்லையா என்பார்கள். நடந்தது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தோழி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்கிறாள்: கணவன் கைப்பிடித்து அழைத்துப் போகிறான், ஒரு பெருநகரில் அவன்மேல் பொய்ப்பழி தேள் போல வந்து விழுகிறது, அவள் அரசன் முன் நின்று வழக்காடுகிறாள், அரசனோடு ஊரும் தீங்கு அடைகிறது. காப்பியம் அப்படியே செல்கிறது. ஆனால் இளங்கோ இதை எந்தப் பெண்ணின் வாயில் வைத்தார் என்று பாருங்கள். கணவன் வேறொருத்தியோடு வாழப் போய்விட, பெரிய வீட்டில் தனித்திருப்பவள் அவள். அவன் திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கமும், வந்தாலும் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற நடுக்கமும் ஒரே கனவில் பிணைந்திருக்கின்றன. மன அழுத்தம் என்ற சொல் இல்லாத காலத்தில் அதை இத்தனை துல்லியமாக எழுதிய கவியை நாம் வெறும் ஆரூடக்காரராகச் சுருக்கிவிடக் கூடாது. தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: இரண்டு குளத்தில் நீராடு, காமவேள் கோயிலில் தொழு, கணவனோடு சேர்வாய். கண்ணகி அது தனக்குப் பெருமை தராது என்று மறுத்துவிடுகிறாள். இன்னொன்றும் உண்டு. அந்தக் காப்பியத்தில் கோவலனும் கனவு காண்கிறான், பாண்டியன் தேவியும் செங்கோலும் குடையும் சாயக் காண்கிறாள். இத்தனை கனவில் ஒன்றுகூட யாரையும் காப்பாற்றவில்லை. எச்சரிக்கை என்றால் ஒரு முறையாவது பயன்பட்டிருக்க வேண்டாமா? அவற்றைக் கவி வைத்திருப்பது பாத்திரங்களின் நெஞ்சைத் திறந்து காட்ட.

காப்பியத்தை விடுங்கள், வாழ்க்கையில் பலித்திருக்கிறதே என்பவருக்கு ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரே ஒரு கெட்ட கனவை மட்டும் நினைவில் வைத்திருப்பதாகக் கொண்டாலும், ஒவ்வொரு காலையும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கெட்ட கனவோடு எழுந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது அன்றைக்கே ஒரு துக்கச் செய்தி வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தவர் ஆயுள் முழுக்கச் சொல்கிறார்; வராதவர் காபி குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுகிறார். பெரும்பாலான பலிப்புகள் தற்செயலே என்று அரிஸ்டாட்டில் உறக்கக் கனவில் குறி கேட்பது பற்றிய தன் சிறு நூலில் அன்றே எழுதிவைத்தார். நம் கனாநூலும் அதையொட்டி வரும் மரபும், இரவின் முதல் சாமத்துக் கனவு ஓராண்டிலும் இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்திலும் மூன்றாம் சாமத்தது மூன்று மாதத்திலும் கடைச் சாமத்தது பத்து நாளிலும் பலிக்கும் என்று வகுத்திருக்கின்றன. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று இன்றும் சொல்கிறோம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதைவிட, அதற்குள் இருக்கும் கூர்மையான கவனிப்பைப் பார்ப்பது நல்லது. கண் அசையும் உறக்கம் முன்னிரவில் பத்து நிமிடம் போலக் குறுகி நின்று, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. நீண்ட, துலக்கமான, விழித்ததும் நினைவில் நிற்கும் கனவு கடைச் சாமத்தில்தான் வருகிறது. பெரியவர்கள் அதன் வலிமையைச் சரியாகவே கண்டார்கள். அந்த வலிமையை எதிர்காலத்தின் கணக்கில் எழுதியது மட்டுமே பிழை.

முன்னறிவிக்கும் கனவு என்ற ஒன்று அறவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. நம்புகிறவர் நம்பட்டும். அவர்களின் நூல்களே என்ன வகை பிரித்திருக்கின்றன என்பதுதான் என் கேள்வி. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை கனவை ஏழாகப் பிரித்து, கண்டது, கேட்டது, அனுபவித்தது, விரும்பியது, கற்பனை செய்தது ஆகிய ஐந்தும் பலனற்றவை என்கிறது. பௌத்தரின் மிலிந்த பஞ்ஞாவில் நாகசேனர் கனவுக்கு ஆறு காரணம் கூறி, வாதம், பித்தம், கபம், பழக்கம் என்று மற்றவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு வகையைத்தான் உண்மைக் கனவு என்கிறார். நபிமொழியில் கனவு மூன்று: இறைவனின் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல், மனிதனின் உள்ளமே அவனோடு பேசுவது. நற்செய்திதான் இறைவனிடமிருந்து வருவது. அச்சுறுத்தும் கனவைக் கண்டவர் இறைவனிடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுத்து, அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட வேண்டும், அது தீங்கு செய்யாது என்பது போதனை. விவிலியத்தின் பிரசங்கி நூல், அலுவல் மிகுந்தால் கனவு வரும் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. கனவுக்குப் பலன் சொல்வதையே தொழிலாகக் கொண்டு கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நூல் எழுதிய கிரேக்கர் ஆர்ட்டெமிடோரஸ்கூட, அன்றாடக் கவலையும் பயமும் பசியும் காமமும் எழுப்பும் கனவுக்குப் பலன் பார்க்காதே என்று முதலிலேயே பிரித்துவிடுகிறார். மொழியும் நிலமும் தெய்வமும் வேறான இத்தனை பேரும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள். நடந்த கொடுமையையே இரவுதோறும் காட்டும் கனவு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் விழும் என்பதில் ஐயமே இல்லை.

தண்டனை என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. இதை வினைக் கோட்பாட்டோடு சேர்த்தே பேச வேண்டும். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் கனவைப் பற்றி ஒரு வாதம் நடக்கிறது. கனவில் தேரும் இல்லை, குதிரையும் இல்லை, பாதையும் இல்லை, அவற்றை அவன் படைக்கிறான் என்ற உபநிடத வாக்கில், அவன் என்பது யார்? சங்கரர் உறங்கும் உயிரின் தோற்றமே அது, வெறும் மாயை என்கிறார். இராமானுசர் மாயை என்ற அதே சொல்லுக்கு வியப்பானது என்று பொருள் கொண்டு, கனவுப் பொருள்களைப் படைப்பவன் இறைவனே என்கிறார்: அந்தந்த உயிரின் புண்ணிய பாவத்துக்கு ஏற்ப, அந்த உயிர் மட்டும், அந்தப் பொழுது மட்டும் நுகர்வதற்காக. இராமானுசரின் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, உன் பாவத்துக்குத்தான் இந்தக் கனவு என்று ஒருவரைச் சுட்டுவது எளிது. அது அவரைத் தவறாகப் படிப்பது. சிறுவினையைக் கனவிலேயே கழித்துவிடும் இறைவனின் இரக்கமாக அவர் வழிவந்தோர் அதைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. திரும்ப வரும் கெட்ட கனவில் யார் துடிக்கிறார்கள்? வன்புணர்வுக்கு ஆளான பெண்கள், குண்டுவீச்சில் தப்பிய குழந்தைகள், அடிக்கும் கணவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூல், ஈழத்தமிழர் மனங்களில் போர் விட்ட வடுக்களை ஆவணப்படுத்தியது. அந்த மக்களின் இரவுகளை அவரவர் பாவக் கணக்கில் எழுத எந்தச் சமயவாதிக்கு நெஞ்சு துணியும்? குண்டு போட்டவன் நிம்மதியாக உறங்க, குண்டு விழுந்த வீட்டுக்காரன் அலறி எழுகிறான் என்றால், கனவை நீதியின் கருவியாகக் கொள்ளும் கோட்பாடு அங்கேயே உடைந்துபோகிறது. கனவில் செய்ததற்குத் தான் பொறுப்பா என்று புனித அகுஸ்தீனார் தன் ஒப்புதல் நூலில் கடவுளிடமே கலங்கிக் கேட்கிறார். உறக்கத்தில் நான் நானாக இல்லையா என்று. விழித்ததும் மனச்சான்று அமைதிக்குத் திரும்புவதே, அதைத் தான் செய்யவில்லை என்பதற்குச் சான்றாக அவருக்குப் படுகிறது. அந்த அமைதியைப் பாதிக்கப்பட்டவரிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது.

அப்படியானால் இந்தக் கனவை ஆற்றுவது எப்படி? நீலகிரித் தோதர்களைப் பற்றி 1906இல் பெரிய நூல் வெளியிட்டவர் ஆங்கிலேயர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். பத்தாண்டுக்குப் பின் அவரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் போர் மருத்துவமனையில் காண்கிறோம். போர்முனையில் உளம் சிதைந்த அதிகாரிகள் அவரிடம் வந்தார்கள். அன்றைய மருத்துவம் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: மறந்துவிடு, நினைக்காதே. பகலில் முயன்று விரட்டிய நினைவு இரவில் கனவாக வந்து கழுத்தைப் பிடிப்பதை ரிவர்ஸ் கண்டார். 1917 டிசம்பரில் மருத்துவர் அவையில் அவர் படித்த கட்டுரையில் ஓர் அதிகாரியின் கதை வருகிறது. நண்பனைத் தேடிப் போய், குண்டில் சிதறிக் கிடந்த அவன் உடலைக் கண்டவர் அவர். இரவுதோறும் அந்த உடல் கனவில் வந்தது, சில இரவுகளில் தொழுநோயால் உருக்குலைந்த வடிவிலும். ரிவர்ஸ் அவரிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: உடல் அப்படிச் சிதறியிருக்கிறது என்றால் அவன் அந்தக் கணமே இறந்திருக்கிறான், பலரைப் போல மணிக்கணக்கில் துடித்துச் சாகவில்லை. அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒரு கனவு வந்தது. அதே களம், அதே உடல், ஆனால் அந்தப் பழைய பயங்கரம் இல்லை. அவர் அருகே மண்டியிட்டு, குடும்பத்தாரிடம் சேர்ப்பதற்காக நண்பனின் பொருள்களை எடுத்தார். பின்னொரு கனவில் நண்பனோடு பேசவும் செய்தார்.

பொய்யான ஆறுதலைச் சொல்லி ஏமாற்றியதாக இதைக் கொள்ள முடியாது. அந்த உண்மை முதலிலிருந்தே அங்கே கிடந்தது. பயம் அதைப் பார்க்க விடவில்லை. அறியாமையால் அச்சம் என்று யாக்ஞவல்கியர் சொன்னதன் நடைமுறைப் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ரிவர்ஸ் தன் தோல்வியையும் அதே கட்டுரையில் மறைக்காமல் எழுதினார். குண்டு தூக்கியெறிந்ததில், பல நாள் கிடந்து உப்பிய பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்த இன்னொரு அதிகாரிக்கு, ஆறுதலாகச் சொல்ல ஒரு துளி உண்மைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவரைப் படையை விட்டு நாட்டுப்புற அமைதிக்குப் போகச் சொன்னார். ஒவ்வொரு துன்பத்துக்குள்ளும் ஓர் அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்று எளிதாகப் பேசும் ஆன்மிகப் பேச்சாளர்கள் இந்த இரண்டாவது அதிகாரியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரிவர்ஸ் தொட்ட வழி பிற்காலத்தில் ஒரு பயிற்சியாக வளர்ந்தது. திரும்ப வரும் கனவை எழுதச் சொல்கிறார்கள். அதை விரும்பிய விதத்தில் மாற்றி எழுதச் சொல்கிறார்கள். மாற்றிய கதையை நாள்தோறும் சில நிமிடம் விழிப்பில் மனத்துக்குள் ஓடவிடச் சொல்கிறார்கள். பாரி கிராகோவும் அவர் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். மூன்றே அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் கணிசமாகக் குறைந்தன, உறக்கம் மேம்பட்டது, பகல்நேரத் துன்பமும் தணிந்தது. மருந்துகளின் கதை இத்தனை தெளிவாக இல்லை. இரத்தக்கொதிப்புக்கான பிரசோசின் பெரிய நம்பிக்கை தந்து, 2018இல் 304 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. நடந்ததை மாற்றிக் கற்பனை செய்வது தன்னைத்தானே ஏமாற்றுவதாகாதா என்ற மறுப்புக்குப் பதில் நம் மரபிலேயே இருக்கிறது. மாற்றப்படுவது நடந்த நிகழ்வு அல்ல, கனவு. அந்தக் கனவோ உறங்கும் உயிரின் தோற்றம் என்று சங்கரர் சொல்லியிருக்கிறார். விடம் தீர்ப்பவன் தன்னைக் கருடனாகப் பாவித்து விடத்தை இறக்குவதைச் சைவ சித்தாந்த நூல்கள் உவமையாகக் காட்டுகின்றன. பாவனைக்கு உள்ள வலிமையை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. படுக்குமுன் கவசம் படிப்பதும் திருநீறு பூசுவதும் துஆ ஓதுவதும் செபிப்பதும் நெஞ்சின் படபடப்பை அடக்குமானால் அவையும் நல்ல மருந்துதான். பயத்தை இறக்கும் சமயத்தோடு எனக்கு வழக்கில்லை. பயத்தை ஏற்றும் சமயத்தோடுதான்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். மன அழுத்தம் என்று பெயர் வைத்துவிட்டால், ஊரின் குற்றத்தை ஒருவரின் மூளைக்குள் அடைத்துவிட மாட்டோமா? அடைத்துவிடக் கூடும். பெர்லினில் சார்லட் பெராட் என்ற யூதப் பத்திரிகையாளர் 1933 முதல் 1939 வரை சுமார் 300 பேரின் கனவுகளை இரகசியமாகக் கேட்டு எழுதி, புத்தக அட்டைகளுக்குள் ஒளித்து, நாட்டை விட்டு வெளியே அனுப்பினார். 1966இல் அவை நூலாயின. அதில் வரும் ஒரு தொழிற்சாலை முதலாளி, ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாள் ஒரு கனவு கண்டார். ஹிட்லரின் பரப்புரைத் தலைவன் கோயபல்ஸ் அவர் ஆலைக்கு வருகிறான். தன் தொழிலாளர்கள் முன் அவர் கை உயர்த்தி வணக்கம் சொல்ல வேண்டும். அங்குலம் அங்குலமாகக் கையை உயர்த்த அரை மணி நேரம் ஆகிறது. உயர்த்தி முடித்ததும், உன் வணக்கம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் போகிறான். அந்தக் கனவு அவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு முறை அந்த முயற்சியில் அவர் முதுகெலும்பே முறிந்தது. அந்த மனிதரின் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு நாட்டில் இருந்தது. இப்படிப்பட்ட கனவைப் பயிற்சியால் மாற்றி எழுதிவிட்டு, கோயபல்ஸை ஆலைக்குள் விட்டுவைப்பதில் பொருளில்லை. கந்துவட்டிக்காரன் காலையில் வாசலில் நிற்பான் என்று தெரிந்தவருக்கும், அடுத்த அறையில் அத்துமீறும் உறவினன் இருக்கும் சிறுமிக்கும் வரும் கனவு, நிகழ்காலத்தைப் பற்றிய வாக்குமூலம். அங்கே கனவுக்கு வைத்தியம், கடனுக்கு வழி காண்பதும் அந்த உறவினனை வீட்டை விட்டு வெளியேற்றுவதும்தான்.

ஆகவே, கனவுக்குப் பலன் கேட்டு வருபவர்களை நாள்தோறும் சந்திக்கும் குருக்களுக்கும் சோதிடர்களுக்கும் இமாம்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். பரிகாரமோ பிரார்த்தனையோ சொல்வதற்கு முன், இந்தக் கனவு எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இப்போது வீட்டில் யாரைக் கண்டு பயம் என்ற மூன்றையும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள்; வந்தவர் பேசுவார். மூன்று நான்கு வாரத்துக்கு மேலும் அதே கனவு உறக்கத்தைக் கலைத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். சில இரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூடக் கெட்ட கனவைக் கொண்டுவரும் என்பதால், சாப்பிடும் மருந்துச் சீட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகக் கூச்சமாக இருந்தால், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.